உள்ள போன பந்துக்கு ரெண்டு ரவுண்டு: நெட்டைப் பையன் வெளிய நின்னு ஷூட் போடலாமா?

#1 அரசரடி அஞ்சாம் நம்பர்

வணக்கம் மக்களே. சாயங்காலம் ஒரு ஸ்கூல் கிரவுண்டுல பசங்களுக்கு பாஸ்கட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளமெல்லாம் இல்ல, ஆசைதான். பதினொண்ணாவது படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். போன வருஷம் ஜூன்ல 6 அடி 1, இந்த ஜூன்ல 6 அடி 4. வீட்டுல பேன்ட் வாங்கியே ஓஞ்சுட்டாங்களாம்.

நெட்டையன்தான், ஆனா கை ரொம்ப மிருது. மணிக்கட்ட மடக்கி விட்டான்னா பந்து சுத்திக்கிட்டே போய் இறங்குது. எங்க ரிங்குல நெட்டு கிடையாது, உள்ள போச்சா உரசிட்டுப் போச்சான்னு அவன் மூஞ்சியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். பெரும்பாலும் சிரிக்கிறான்.

போன வாரம் பிராக்டிஸ் மேட்ச்ல த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளிய (அங்க இருந்து போட்டா ரெண்டுக்குப் பதிலா மூணு பாயிண்ட்) நின்னு ஒண்ணு விட்டான். உள்ள போச்சு. உடனே பி.டி. சார் விசில் ஊதி ஆட்டத்த நிறுத்திட்டு, "நெட்டையனுக்கு அங்கிட்டு என்னடா வேலை?"ன்னு கேட்டு கிரவுண்டச் சுத்தி ரெண்டு ரவுண்டு ஓடவிட்டார்.

காலைல டிவியில அமெரிக்க லீக் என்.பி.ஏ.வப் போட்டா யோகிச் போடுறார், வெம்பன்யாமா போடுறார், போர்சிங்கிஸ் போடுறார். அத்தன பேரும் ஏழடிக்கு முன்னப்பின்ன. இங்க ஆறே கால் அடியத் தாண்டுனா ரிங்குக்குக் கீழ கட்டிப்போட்டுடுறாய்ங்க. நான் பையனுக்கு ஷூட் சொல்லிக்கொடுக்கட்டுமா, இல்ல சார் சொல்றதுதான் சரியா?

#2 ஜிகர்தண்டா

உள்ள போனதுக்கே ரெண்டு ரவுண்டா? வெளிய போயிருந்தா மாட்டுத்தாவணி வரைக்கும் ஓடவிட்டிருப்பார்போல.

#3 கணக்குப்பிள்ளை

அண்ணே, தாராளமா சொல்லிக்கொடுங்க. ஆனா எதுக்காகன்னு தெளிவா இருந்துக்கணும். ஷூட் போடுற பிக் மேனோட, அதான் நெட்டையனோட, மதிப்ப அவன் எடுக்குற பாயிண்ட வச்சு அளந்தா ஏமாந்துருவோம்.

நூறு த்ரீ போட்டு 35 உள்ள போனா 105 பாயிண்ட். ரிங்குக்குப் பக்கத்துல நூறு போட்டு 52 போனா 104. ஏறக்குறைய ஒண்ணுதான். அப்புறம் எதுக்கு என்.பி.ஏ.ல இவ்வளவு காசு கொட்டுறாய்ங்க? அவனுக்குக் காவல் நிக்கிற எதிரணி நெட்டையன் ரிங்க விட்டு ஏழு மீட்டர் வெளிய வந்தாகணும், அதுக்குத்தான். காவக்காரன் தெருமுனைக்கு வந்துட்டா தோப்பு யாருது? மத்த நாலு பேரும் நேரா உள்ள போய் லே-அப் (ஓடிப்போய் ரிங்குக்குப் பக்கத்துல இருந்து போடுறது) போட்டுட்டு வருவாய்ங்க. நம்ம ஆளு பந்தத் தொடவே இல்லைன்னாலும் ஸ்கோர் ஏறும். ஸ்கோர் ஷீட்டுல மட்டும் அவன் பேருக்கு நேரா காலியா இருக்கும்.

புரூக் லோபஸ எடுத்துக்கங்க. முதல் எட்டு சீசன்ல மொத்தமே 31 த்ரீதான் போட்டார், உள்ள போனது 3. முதுகக் காட்டி இடிச்சு ஹூக் போடுற, ரிங்குக்குக் கீழயே ஆடுற அசல் போஸ்ட் ஆளு. 2016-17ல திடீர்னு ஒரே சீசன்ல உள்ள போனது 134. அப்புறம் மில்வாக்கி போனார். அங்க அந்த டீமோட நட்சத்திரம் யானிஸுக்கு வெளிய இருந்து ஷூட் சரியா வராது, ஆனா உள்ள புகுந்தா தடுக்க ஆளில்ல. லோபஸும் ரிங்குக்குக் கீழயே நின்னிருந்தா ரெண்டு பேரும் ஷேர் ஆட்டோல ஏறுன மாதிரி இடிச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அவர் வெளிய நின்னார், இவருக்கு ரோடு கிடைச்சுச்சு. 2021ல கப்பு.

#4 பழைய சென்டர்

தம்பிகளா, கொஞ்சம் பொறுங்க.

உலக விதியில த்ரீ பாயிண்ட் கோடு வந்ததே 1984லதான். அமெரிக்காவுல 1979-80லயே வந்துருச்சு. நான் ஆட ஆரம்பிச்சப்ப கோடே கிடையாது. மே மாசம் பெரியகுளம் டோர்னமெண்டுக்கு லைட் வெளிச்சத்துல ஆடப் போவோம். பகல் சூடு சிமெண்டுல இருந்து கால் வழியா ஏறும். சென்டர்னா, அதான் ரிங்குக்குக் கீழ நிக்கிற நெட்டையன்னா, அப்ப மூணே வேலை. இடத்தப் பிடி, பாக்ஸ் அவுட் பண்ணு (எதிரிய முதுகால மறிச்சு வை), ரீபவுண்ட (உள்ள போகாமத் தெறிக்கிற பந்த) எடு. முழங்கை பட்டுப் பட்டு விலா எலும்பு இன்னைக்கும் மழைக்காலத்துல கணக்கு கேக்குது.

அஞ்சாம் நம்பர் தம்பிக்கு ஒரு கேள்வி. உங்க டீம்ல மத்த நாலு பேரும் ஷூட் போட்டா நூத்துக்கு எத்தனை உள்ள போகுது? முப்பதா? அப்ப எழுபது வெளிய விழுகுது. அந்த எழுபதுக்கும் ஒருத்தன் கீழ நிக்க வேணாமா? இருக்குற ஒரே நெட்டையனையும் கோட்டுக்கு வெளிய அனுப்பிட்டா ரீபவுண்ட் முழுக்க எதிரிக்கு அட்சயபாத்திரம்.

ஷாக்கில் ஓ'நீல் வாழ்க்கை முழுசும் போட்டது 22 த்ரீ. உள்ள போனது ஒண்ணே ஒண்ணு. கப்பு நாலு. இதையும் உங்க கணக்குல சேத்துக்கங்க.

#5 கணக்குப்பிள்ளை

ஐயா, ஷாக் மாதிரி ஆளு ஒரு தலைமுறைக்கு ஒண்ணுதான். அவர வச்சு விதி எழுத முடியாது. ஆனா ரீபவுண்ட் விஷயத்துல நீங்க சொல்றது எனக்கு உறைக்குது. என்.பி.ஏ. கணக்க அப்படியே ஸ்கூல் டீமுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன். அங்க மத்த நாலு பேரும் ஷூட்டர். இங்க அப்படி இல்ல.

#6 திருநகர் பாயிண்ட்கார்டு

ரெண்டு பேரும் சென்டர் கண்ணாலயே பாக்குறீங்க. பந்தத் தட்டிக்கிட்டு உள்ள போறவ கண்ணால கொஞ்சம் பாருங்க.

நான் 5 அடி 2. காலேஜ் டீம்ல மூணு வருஷம் ஆடுனேன். முதல் வருஷம் எங்க சென்டர் அக்காவுக்கு ஷூட்டே வராது. ரிங்குக்குக் கீழ அவங்க, அவங்க மேல ஒட்டிக்கிட்டு எதிரணி சென்டர். நான் என் ஆளத் தாண்டி ஒரு எட்டு உள்ள வச்சா எதிர்ல நாலு கை. தாண்டுறதே வீண். பந்த மேல தூக்கி விடுறப்ப ரிங்கு தெரியாது, விரல்தான் தெரியும். ரெண்டு தடவ மூக்குல வாங்கியிருக்கேன்.

ரெண்டாம் வருஷம் வேற ஒரு அக்கா வந்தாங்க. உயரம் கொஞ்சம் கம்மி. ஆனா ஃப்ரீ த்ரோ கோட்டு (ஃபவுலுக்குக் கிடைக்கிற, யாரும் தடுக்காத ஷாட்டப் போடுற கோடு) மூலைல நின்னு போட்டா பத்துக்கு ஆறு போகும். ஸ்க்ரீன் வச்சுட்டு (எனக்குக் காவல் நிக்கிறவள மறிச்சு நின்னுட்டு) உள்ள உருளாம அப்படியே பின்னால நழுவி நிப்பாங்க. எதிரணி சென்டருக்கு ஒரு நொடி புத்தி தடுமாறும்: என்கிட்ட வரவா, அக்காகிட்ட போகவா? எனக்கு அந்த ஒரு நொடி போதும். அந்த வருஷம் நான் போட்ட லே-அப்புல பாதி அந்த அக்காவோட சொத்து.

மறுபக்கமும் சொல்லிடுறேன். 2021 பிளே-ஆஃப்ல யூட்டா ஜாஸ் கதை ஞாபகம் இருக்கா? அவிங்க சென்டர் ரூடி கோபேர் அந்த வருஷமும் சிறந்த டிஃபன்டர் விருது வாங்குனவர். ரிங்குக்குக் கீழ அவர் நின்னா அது கோட்டை. எதிர்த்து ஆடுன கிளிப்பர்ஸ் என்ன பண்ணாய்ங்க? சென்டரே இல்லாம ஷூட் போடத் தெரிஞ்ச அஞ்சு பேர இறக்குனாய்ங்க. கோபேர் உள்ள நின்னா கார்னர்ல டெரன்ஸ் மேன் சும்மா நிக்கிறார். வெளிய ஓடுனா ரிங்கு காலி. ஆறாவது மேட்ச்ல மேன் மட்டும் 39 பாயிண்ட். 25 பாயிண்ட் பின்தங்கியிருந்த டீம் 131-119ல ஜெயிச்சு சீரிஸையே முடிச்சுட்டாய்ங்க. கோபேர் மேல தப்பே இல்ல. ஒரு ஆளு ரெண்டு இடத்துல நிக்க முடியாது, அவ்வளவுதான்.

#7 பழைய சென்டர்

தங்கச்சி சொல்றது புரியுது. ஆனா எதிரி நம்புனாத்தானே வெளிய வருவான்? பத்துக்கு ரெண்டு போடுற பையன் வெளிய நின்னா நான் அவன் பக்கமே போக மாட்டேன். "போடு ராசா, போடு"ன்னு கை கட்டி நிப்பேன். அவன் போடுற ஒவ்வொரு ஷாட்டும் எனக்குக் கிடைச்ச இனாம்.

தம்பி, உங்க பையன் கணக்க எடுங்க. ஆசைய ஓரமா வைங்க.

#8 அரசரடி அஞ்சாம் நம்பர்

ஐயா சொன்ன மாதிரி இன்னைக்கு எண்ணுனேன். எங்க கிரவுண்டுல ரெண்டு கோடு இருக்கு. உள்ள வெள்ளைக் கோடு, அது பழைய 6.25 மீட்டர். 2010ல விதி மாறுனதுக்கு அப்புறம் யாரோ புண்ணியவான் வெளிய 6.75க்கு மஞ்சக் கோடு போட்டிருக்கார். அதோட பெயிண்ட் தீந்துபோச்சுபோல, ரிங்குக்குக் கீழ கட்டம் இன்னும் பழைய மாதிரி கீழ அகலமா, மேல குறுகலாத்தான் கிடக்கு.

வெள்ளைக் கோட்டுல 40 போட்டான், 17 உள்ள. மஞ்சக் கோட்டுல 40, 10 உள்ள. அரை மீட்டருக்கு இவ்வளவு வித்தியாசம். மஞ்சளுக்குப் போனா கால வளைச்சுக் குதிக்கிறான், முழங்கை வெளிய போயிடுது, பந்து தட்டையாப் போய் ரிங்கோட முன் கம்பியில இடிக்குது. ஃப்ரீ த்ரோ 50 போடச் சொன்னேன், 36 உள்ள.

காத்து வேற. ஆடி பொறந்துருச்சுல்ல, பந்து பாதி வழியில மனசு மாறுது.

#9 கணக்குப்பிள்ளை

நாலுல ஒண்ணுன்னா ஒரு ஷாட்டுக்கு முக்கால் பாயிண்ட். யாரும் காவல் இல்லாம, மூச்சு வாங்காம போட்டதே இது. மேட்ச்ல இன்னும் குறையும். பழைய சென்டர் ஐயா பக்கம் ஒரு ஓட்டு விழுந்துருச்சு.

ஆனா ஃப்ரீ த்ரோ கணக்க விட்டுடாதீங்க. 50க்கு 36ன்னா 72 சதவீதம். ஒருத்தனுக்கு ஷூட் வருமா வராதான்னு பாக்க நான் நம்புறது அதைத்தான். லோபஸ் த்ரீ போட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஃப்ரீ த்ரோல 80 சதவீதத்த ஒட்டி இருந்தார். கை ஏற்கெனவே இருந்துச்சு, தூரம்தான் புதுசு. உங்க பையனுக்கும் கை இருக்கு. தொடையில பலம் வர இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்.

#10 ஜிகர்தண்டா

ரெண்டு வருஷத்துல அவன் 6 அடி 10 ஆகிடுவான். அப்புறம் கோட்டுல நின்னு கைய நீட்டி உள்ள வச்சுட்டு வந்துரலாம்.

#11 தேனிக்காரன்

ரொம்ப நேரமா வாசிச்சுட்டு இருக்கேன். எல்லாரும் அமெரிக்க விதியிலயே ஆடிட்டு இருக்கீங்க. ஒரு முக்கியமான சங்கதி விட்டுப்போச்சு.

என்.பி.ஏ.ல டிஃபன்சிவ் த்ரீ செகண்ட்னு ஒரு விதி உண்டு. யாருக்கும் காவல் நிக்காம பெயிண்டுக்குள்ள (ரிங்குக்குக் கீழ இருக்குற கட்டம்) மூணு நொடிக்கு மேல நின்னா ஃபவுல். 2001-02ல சோன் (ஆளுக்குப் பதிலா இடத்துக்குக் காவல் நிக்கிறது) ஆடலாம்னு விட்டப்பவே, சென்டர் உள்ளயே குடியிருந்துடக் கூடாதுன்னு இதையும் சேத்துட்டாய்ங்க. உலக விதியில இது கிடையாது. நம்ம மாவட்ட மேட்ச், ஸ்டேட் மேட்ச் எதுலயும் கிடையாது. எதிரணி நெட்டையன் ஆட்டம் முழுக்க ரிங்குக்குக் கீழ பாய் விரிச்சுப் படுத்துக்கலாம்.

"அப்ப வெளிய இழுக்குறவனுக்கு இங்க மதிப்பு இன்னும் கூடத்தானே?"ன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா நம்ம ஸ்கூல் டீமுங்க என்ன டிஃபன்ஸ் ஆடுறாய்ங்க? பத்துக்கு எட்டு டீம் 2-3 சோன். முன்னால ரெண்டு பேர், பின்னால மூணு பேர், பின்வரிசை நடுவுல நெட்டையன். சோன்ல அவன் ஆளுக்குக் காவல் இல்ல, இடத்துக்குக் காவல். உங்க பையன் மஞ்சக் கோட்டுக்குப் போனா அந்த நெட்டையன் இம்மி நகர மாட்டான். பக்கவாட்டுல இருக்குற குட்டைப் பையன்தான் ஓடி வருவான். ஆக, நம்ம நெட்டையன நாமளே வெளிய அனுப்பி, அவிங்க நெட்டையன நிம்மதியா உள்ள உக்கார வச்சுடுறோம். யோகிச் வெளிய நிக்கிறாரேன்னு பையன வெளிய நிறுத்துனா இதுதான் நடக்கும்.

2-3 சோனுக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கு. அது ஃப்ரீ த்ரோ கோட்டு நடு. முன்னால ரெண்டு பேருக்கும் அது முதுகுப் பக்கம், பின்னால மூணு பேருக்கும் எட்டாத தூரம். அங்க 6 அடி 4 பையன நிறுத்துங்க. பந்து மேல வரட்டும், வாங்கித் திரும்பட்டும். 72 சதவீதம் போடுற இடம் அது. நடு நெட்டையன் வரலைன்னா போடட்டும். ஒரு எட்டு முன்னால வந்தான்னா அவன் முதுகுக்குப் பின்னால பேஸ்லைன்ல (ரிங்குக்குப் பின்னால இருக்குற எல்லைக் கோட்டோரமா) ஓடுற பையனுக்குக் கீழ விடட்டும். முன்னால இருக்குற ரெண்டு பேரும் திரும்பி நெருக்குனா வெளிய நிக்கிறவனுக்கு விடட்டும். யோகிச்கிட்ட கத்துக்கணும்னா இதைக் கத்துக்கங்க. அந்த மனுஷன் த்ரீ போடுறதால மட்டும் மூணு தடவ எம்.வி.பி. (சீசனோட சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கல. நடுவுல நின்னுக்கிட்டு போடவும் செய்வார், பாஸும் விடுவார். எது வரும்னு யாருக்கும் தெரியாது.

#12 பழைய சென்டர்

தேனித் தம்பி, இதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன். அங்க இருந்து ரிங்குக்கு மூணே எட்டு. ஷாட் போட்டவுடனே ரீபவுண்டுக்கும் ஓடி வந்துரலாம். ஒரு கண்டிஷன்: போட்டுட்டு அங்கேயே நின்னு வேடிக்கை பாக்கக் கூடாது. இந்தக் காலத்துப் பசங்க ஷூட் போட்டுட்டு கைய மேலயே வச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிக்கிறாய்ங்க.

#13 கணக்குப்பிள்ளை

நான் மறந்தே போயிருந்தேன், நோவிட்ஸ்கிய பாருங்க. ஏழடி ஆளு. 2006 ஆல்-ஸ்டார்ல த்ரீ பாயிண்ட் போட்டியவே ஜெயிச்சவர். ஆனா 2011ல டல்லாஸுக்குக் கப்பு வாங்கிக் கொடுத்தப்ப அவரோட பெரிய ஆயுதம் த்ரீ இல்ல. ஃப்ரீ த்ரோ கோட்ட ஒட்டி நின்னு, ஒத்தக் காலத் தூக்கிக்கிட்டுப் பின்னால சாஞ்சு போடுற ஷாட். குட்டையா ஒருத்தன் காவல் வந்தா தலைக்கு மேல போடுவார், நெட்டையா வந்தா தாண்டிப் போவார். ஓக்லஹோமாவோட முதல் மேட்ச்ல 48 பாயிண்ட், அதுல ஃப்ரீ த்ரோ 24க்கு 24. ஃபைனல்ல மயாமிய 4-2ல அடிச்சாய்ங்க. நெட்டையன் ஷூட் போடுறதுன்னாலே த்ரீன்னு என் மண்டையில எப்படி ஏறுச்சுன்னு தெரியல.

#14 தேனிக்காரன்

டல்லாஸ்னதும் ஞாபகம் வருது. 2015ல நம்ம பஞ்சாப் சத்னாம் சிங்க டிராஃப்ட்ல (என்.பி.ஏ. டீமுங்க புது ஆளுங்களத் தேர்ந்தெடுக்குறது) 52வது ஆளா எடுத்ததும் அதே டல்லாஸ்தான். ஏழடிக்கு மேல. பொறந்து வளந்தது இந்தியாவுல, டிராஃப்ட்ல பேரு வந்த முதல் ஆளு. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல.

ஆனா அது வந்த நேரத்தப் பாருங்க. அதுக்குச் சில நாள் முன்னாடிதான் கோல்டன் ஸ்டேட் கப்பு வாங்கியிருந்தாய்ங்க. ஃபைனல்ல 2-1னு பின்தங்கியிருந்தப்ப சென்டர் போகட்ட உக்கார வச்சுட்டு இகுடாலாவ முதல் அஞ்சுல இறக்குனாய்ங்க. அடுத்த மூணு மேட்ச்சும் அவிங்களுக்கு. இகுடாலாவுக்கே ஃபைனல் எம்.வி.பி. உயரத்த மட்டும் நம்பி வந்தவங்களுக்கு அங்க கதவு மூடிக்கிட்டு இருந்த நேரம். சத்னாம் என்.பி.ஏ.ல ஒரு மேட்ச்கூட ஆடல. இதனாலதான்னு நான் சொல்ல வரல, என் வருத்தத்தச் சொல்றேன்.

முந்தின வருஷம், 2014ல வூஹான்ல நம்ம இந்திய டீம் சீனாவ 65-58ல அடிச்சதையும் சேத்துச் சொல்லிட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.

#15 திருநகர் பாயிண்ட்கார்டு

அஞ்சாம் நம்பர் அண்ணே, ஒரு சின்ன யோசனை. மேட்ச் இல்லாத நாள்ல பசங்கள 3x3 ஆடவிடுங்க. அங்க உள்ள போட்டா ஒண்ணு, கோட்டுக்கு வெளிய போட்டா ரெண்டு. வெளிய போடுறது அப்படியே ரெட்டிப்பு. அதுல பையன் மஞ்சக் கோட்டுல இஷ்டத்துக்குப் போட்டுப் பழகட்டும். மூணு பேர்தானே, ஒளிஞ்சு நிக்க இடம் கிடையாது, ஸ்க்ரீன் வைக்கிறதும் பாஸ் விடுறதும் தானா வந்துரும். உங்க சார் விசிலும் வராது.

அப்புறம், அவனுக்குப் பந்து விடுற கார்டு யாருன்னு பாருங்க. ஹை போஸ்டுக்கு, அதான் அந்த ஃப்ரீ த்ரோ கோட்டு நடுவுக்கு, பாஸ் விடுறது லேசுப்பட்ட வேலை இல்ல. நெஞ்சு உயரத்துல விட்டா முன்னால இருக்குறவன் தட்டிட்டு ஓடிடுவான். தலைக்கு மேல விடணும், அவன் கைய நீட்டி வாங்கி கைய இறக்காமலே திரும்பணும். நெட்டைப் பசங்க பந்த வாங்குனதும் இடுப்பு வரைக்கும் இறக்கிடுவாய்ங்க. அங்கதான் குட்டைப் பசங்க பிடுங்குறது. நானே எத்தனை பிடுங்கியிருக்கேன்!

#16 ஜிகர்தண்டா

அக்கா மூக்குல வாங்குன கணக்க இப்படித் தீத்திருக்காங்க.

#17 அரசரடி அஞ்சாம் நம்பர்

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நேத்து மேட்ச் முடிஞ்சுச்சு.

எதிர்பாத்த மாதிரியே 2-3 சோன். முதல் பாதி சார் சொன்னபடி பையன் ரிங்குக்குக் கீழ. 22-11 பின்தங்கிட்டோம். இடைவேளைல சார் டீ குடிக்கப் போன நேரத்துல நான் பையன்கிட்ட ரெண்டே வார்த்தை சொன்னேன்: "நடுவுல நில்லு. கைய இறக்காத."

முதல் ஷாட் ரிங்கத் தொடவே இல்ல. எதிர்த்த ஸ்கூல் பசங்க ஓன்னு கத்துனாய்ங்க. சார் என்னைப் பாத்த பார்வைல நான் காலணிக் கயித்தக் கட்டுற மாதிரி குனிஞ்சுட்டேன். ரெண்டாவது போர்டுல பட்டு உள்ள. மூணாவது சுத்தமா உள்ள. நாலாவது தடவ பந்து வாங்குனப்ப அவிங்க நெட்டையன் ரெண்டு எட்டு முன்னால வந்தான் பாருங்க, எனக்கு இந்த இழை முழுசும் கண்ணு முன்னால ஓடுச்சு. பையன் போடல. தலைக்கு மேல இருந்தே பேஸ்லைன்ல கீழ விட்டான். எங்க டீம்லயே குட்டைப் பையன், பூரான் மாதிரி ஓடுவான், யாரும் இல்லாம லே-அப். அடுத்த ரெண்டு தடவையும் அதே பாஸ், அதே பையன்.

தோத்துட்டோம், 41-37. ரெண்டாம் பாதி மட்டும் பாத்தா 26-19. ஷூட்ல 4 பாயிண்ட்தான் பையன் கணக்குல இருக்கு. ரீபவுண்ட் எண்ணுனேன் ஐயா, 9. போட்டோவுக்கு நிக்கல.

வேன்ல வர்றப்ப சார் ரொம்ப நேரம் பேசல. காளவாசல் சிக்னல்ல வண்டி நின்னப்பத்தான் கேட்டார்: "அந்த நடுவுல நிக்கிறது நீ சொன்னதா?" ஆமா சார்னேன். "ம்." சிக்னல் விழுந்து பாலம் ஏறுன பிறகு, "பந்து விடுற பயலுக்கும் சேத்துச் சொல்லிக்கொடு, நாலு பந்த அவிங்க கையிலயே குடுக்குறான்"னார்.

மஞ்சக் கோட்டப் பத்தி நான் இன்னும் வாயத் திறக்கல.

#18 திருநகர் பாயிண்ட்கார்டு

அந்தக் கார்டு பையன ஞாயித்துக்கிழமை என்கிட்ட அனுப்புங்க. காலைல ஒரு மணி நேரம் போதும்.

#19 பழைய சென்டர்

தம்பி, ரெண்டாம் பாதில முன் கம்பியில பட்ட பந்தெல்லாம் ஒரு பக்கமாவே தெறிச்சதான்னு பையன்கிட்ட கேளுங்க. உங்க கிரவுண்டு ரிங்கு இடது பக்கம் லேசாத் தொங்குது, போன வாரம் அந்த வழியா நடந்து போனப்பப் பாத்தேன். அதுல பழகுன பையன் வேற ரிங்குல முதல் ஷாட்டக் காத்துல விடத்தான் செய்வான். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நானும் வர்றேன். ஸ்பேனர் என்கிட்ட இருக்கு, ஏணிக்கு மட்டும் வாட்ச்மேன்கிட்ட சொல்லி வைங்க.